கிரகம் பாக்குற நாத்தனார்

எங்க நாத்தனாருக்கு வேலை கிரகம் பாக்குறது. இதைச் சொன்னவுடனே உங்க கை தானா உங்க புள்ளை ஜாதகத்தைத் தேடும், எனக்குத் தெரியும். பொறுங்க. அவ பாக்குறது அந்தக் கிரகம் இல்ல. பாண்டிச்சேரியில இந்தக் கதிர்காமத்துல இதை யாருக்குன்னு நான் வெளக்கிச் சொல்றது? பால்காரருக்குச் சொல்லியாச்சு, கேஸ் சிலிண்டர் போடுறவருக்குச் சொல்லியாச்சு, எதிர்வீட்டு அம்மாவுக்கு வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டே இருக்கேன். வாயி வலிச்சதுதான் மிச்சம்.

நான் அமிர்தவல்லி. ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாப்புல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஸ்கேன் ரிப்போர்ட்டு, ஆதாரு, ரேஷன் கார்டு, ஜாதகம், எதுவா இருந்தாலும் என் மிஷின்ல ஒரு தடவை படுத்து எழுந்துதான் போவும். வீட்டுக்காரரு நாகராஜ், கரண்டு ஆபீஸு. ஊருக்கெல்லாம் லைட்டு எரிய வச்சுட்டு வீட்டுக்கு வந்தா வாயத் தொறக்க மாட்டாரு. அவரோட தங்கச்சிதான் சிவசங்கரி. சங்கரின்னு கூப்பிடுவோம். நாப்பதைத் தாண்டிடுச்சு. கல்யாணம் ஆவல. எங்க கூடத்தான் இருக்கா.

அவ பிசிக்ஸ்ல எம்.எஸ்சி. முதல்ல புள்ளைங்களுக்கு டியூஷன் எடுத்தா. அப்புறம் ரெட்டியார்பாளையத்துல ஒரு மாடி ஆபீஸ்ல சேந்தா. ரோட்டு போட்டோவப் பாத்து, இது காரு, இது மாடு, இது மனுஷன்னு கட்டம் போடுற வேலை. தானா ஓடுற காருக்கு அதெல்லாம் சொல்லிக் குடுக்கணுமாம். அந்த ஆபீஸ் ஓனரோட தம்பி பிரெஞ்சு நேசனாலிட்டி உள்ளவரு, பிரான்ஸ்லயே இருக்காரு. அவரு மூலமா அங்க ஒரு யுனிவர்சிட்டி வேலை இந்த ஆபீஸுக்கு வந்துச்சு. மாட்டுக்குக் கட்டம் போட்டவ அன்னையில இருந்து நட்சத்திரத்துக்குக் கட்டம் போடுறா. கொரோனாவுக்கு அப்புறம் ஆபீஸே கெடையாது, வீட்டுல உக்காந்துதான்.

என்னா வேலைன்னு ஒருநாள் ஒக்காத்தி வச்சுக் கேட்டேன். சொன்னா. வானத்துல ஒரு டெலஸ்கோப்பு மிதக்குது. அது நமக்குக் கிட்டத்துல இருக்கிற நட்சத்திரங்களையே வெறிச்சு வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கும். கிட்டத்துலன்னா வில்லியனூரு பாகூருன்னு நெனைச்சுக்காதீங்க. அங்கேருந்து வெளிச்சம் கெளம்பி இங்க வந்து சேர்றதுக்கே வருஷக்கணக்காவும். அந்த நட்சத்திரத்தைச் சுத்தி நம்ம பூமி மாதிரி ஒண்ணு சுத்துச்சுன்னா, அது குறுக்க வரும்போது நட்சத்திரத்தோட வெளிச்சம் துளியூண்டு கம்மியாவும். தெருலைட்டு முன்னாடி ஒரு கொசு போனா எம்மாம் கம்மியாவும்? அம்மாம்தான். நூறுல ஒரு பங்கை எடுத்து, அதை இன்னும் நூறா வெட்டுனா என்னா வருமோ அதுன்னா. அந்தக் கம்மியை வச்சுத்தான் கிரகம் இருக்கா இல்லையான்னு சொல்லணுமாம்.

கம்ப்யூட்டரே முதல்ல பொறுக்கிடும். “இங்க இருக்கற மாதிரி தெரியுது”ன்னு ஒரு படம் காட்டும். படம்னா வேற ஒண்ணுமில்ல, ஒரே புள்ளி. ஈசிஜி எடுத்த பேப்பருல எறும்பு மேஞ்ச மாதிரி இருக்கும். அதுல எங்கயாவது ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். சங்கரி அதை உத்துப் பாத்து, கிரகம், கிரகம் இல்ல, சந்தேகம்னு மூணுல ஒண்ணை அமுக்கணும். ஒரு தடவை பள்ளம் விழுந்தா போதாது. திரும்ப வரணும். வந்த அதே இடைவெளி விட்டு இன்னொரு தடவை வரணும். பள்ளம் கூம்பா இருந்தா அது கிரகம் இல்ல, ரெண்டு நட்சத்திரம் ஒண்ணை ஒண்ணு மறைக்குது. சில நட்சத்திரமே ஒரு நிலையில நிக்காதாம், தானா பொங்கும், தானா அடங்கும், அதுமேல கரும்புள்ளி வேற. எல்லாத்தையும் தாண்டி நின்னாத்தான் கிரகம். அதுலயும் கொதிச்சுப்போவாம ஒறைஞ்சும்போவாம தண்ணி தண்ணியா நிக்கிற தூரத்துல இருந்தாத்தான் பூமி மாதிரி.

“இங்க கொழாத் தண்ணி எப்போ வரும்னு தெரியல, நீ அங்க தண்ணி தேடுறியாடி?”ன்னு கேட்டேன். வேற யாரா இருந்தாலும் சிரிச்சிருப்பாங்க. அவ, “ஆமா அண்ணி”ன்னா.

அவ எப்பவுமே இப்படி இல்ல. நான் இந்த வீட்டுக்கு மருமவளா வந்தப்போ அவ காலேஜ் படிக்கிற பொண்ணு. சரியான வாயாடி. எனக்கும் அவளுக்கும் சண்டை வராத நாளே கெடையாது. என் பவுடரை எடுத்துப் பூசிக்கிட்டு என் கிட்டயே வந்து, “நல்லாருக்கேனா அண்ணி?”ன்னு கேப்பா. அப்புறம் மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சாங்க. ஜாதகத்துல எட்டுல செவ்வாய். எட்டுல செவ்வாய் இருந்தா புருஷன் உயிருக்கு ஆவாதுன்னு எவனோ எப்பவோ சொல்லி வச்சுட்டுப் போயிட்டான், அவன் நாசமாப் போவ.

எங்க மாமியாரு ரொம்ப நேர்மையான பொம்பளை. பொண்ணு பாக்க வந்தவங்க செருப்பைக் கழட்டுறதுக்குள்ள, “எங்க பொண்ணுக்கு எட்டுல செவ்வாய், முன்னாடியே சொல்லிட்டேன்”னு சொல்லிடுவாங்க. மறைச்சுக் கட்டிக் குடுத்தா பாவம் வந்துடுமாம். வந்தவங்களும் சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் நல்லா சாப்பிடுவாங்க. “பொண்ணு லட்சணமா இருக்குது, படிச்சிருக்குது, என்னா பண்றது”ன்னு ஏப்பம் விட்டுட்டுப் போவாங்க. அந்த பஜ்ஜியச் சுட்டவ நான். எண்ணெய் காஞ்சதுதான் மிச்சம்.

பாகூருல இருந்து ஒரு வாத்தியாரு வந்தாரு. அவருக்கு இவளை நெஜமாவே புடிச்சிருந்தது. இவளுக்கும். ஒரு தடவை அம்மாவோட வந்தாரு, இன்னொரு தடவை ஏதோ புஸ்தகம் குடுக்கிற சாக்குல தனியா வந்து வாசல்லயே நின்னு பேசிட்டுப் போனாரு. அன்னைக்கு இவ மூஞ்சியப் பாக்கணுமே! அப்புறம் அவங்க அம்மா ஜோசியருகிட்ட போயிட்டு வந்து, “எம் புள்ளை உயிரு எனக்கு முக்கியம்”னு சொல்லி அனுப்பிட்டாங்க. வாத்தியாரு வேற பொண்ணைக் கட்டிக்கிட்டு குத்துக்கல்லாட்டம் இருக்காரு. பசங்களோட மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்குத்தான் வருவாரு. நான் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு செவ்வாக்கிழமை வைத்தீஸ்வரன்கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். பரிகாரம். கடலூரு, சிதம்பரம்னு பஸ்ஸுல போற வழியெல்லாம் அழுதா. வரிசையில நின்னு அழுதா. அங்காரகன் சந்நிதியில அழுதா. திரும்பி வரும்போது அழல. அன்னையில இருந்து அழவே இல்ல. சிரிக்கவும் இல்ல. எது சொன்னாலும் சரி. “கோயிலுக்கு வரியா?” சரி. “இன்னொருத்தர் பொண்ணு பாக்க வர்றாங்க.” சரி. “வேணாம்னுட்டாங்க.” சரி. குழம்புல உப்பு போட மறந்துட்டேன் ஒருநாள். என் வீட்டுக்காரரே வாயத் தொறந்து கத்துனாரு. இவ தட்டைக் கழுவி வச்சுட்டு எழுந்து போயிட்டா.

மாமியாரு செத்தப்போகூட ஒரு சொட்டுக் கண்ணீரு இல்ல. வந்தவங்க ஒரு மாதிரி பேசுனாங்க. எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. பின்கட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போயி, “அழுதுடுடி, ஊரு பாக்குது”ன்னேன். “வர மாட்டேங்குது அண்ணி”ன்னா. கையில ஒரு மாலையை வச்சுக்கிட்டு, அதை எங்க வைக்கிறதுன்னு தெரியாதவ மாதிரி நின்னா. நான்தான் வாங்கிட்டுப் போயி போட்டேன்.

இப்போ கதைக்கு வர்றேன். என் பொண்ணு சுவேதா. சேதராப்பட்டுல ஒரு மருந்துக் கம்பெனியில வேலை பாக்குறா. அங்க கூட வேலை பாக்குற பையன் கலைச்செல்வன், வில்லியனூருக்காரன். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு விரும்புதுங்க. பையன் நல்ல பையன், எனக்கே புடிச்சிருந்தது. ஆனா அவங்க வீட்டுல அவன் அம்மா ஜெயம் வச்சதுதான் சட்டம். அந்தம்மா ஜாதகம் பாக்காம ஒரு கத்திரிக்காய்கூட வாங்காது. என் பொண்ணு ஜாதகத்தை வாங்கிட்டுப் போயி ஜோசியருகிட்ட காட்டுச்சு. ஏழுல செவ்வாய்.

அடிப்பாவி, இந்த வீட்டுல ஒருத்தி போதாதா? என் பொண்ணு ராவெல்லாம் அழுது கண்ணு வீங்கிப்போயி வேலைக்குப் போறா. இது அழுவுற வரைக்கும் பரவால்ல, அழுவையை நிறுத்திட்டா என்னா பண்ணுவேன்? இன்னொரு சங்கரியை நான் பெத்து வச்சிருக்கேனான்னுதான் எனக்கு பயம். வேற எதுவும் எனக்குக் கவலை இல்ல.

பையன் விடல. அம்மாகிட்ட மல்லுக்கட்டிக்கிட்டே இருந்திருக்கான். பேச்சுவாக்குல, “அவங்க அத்தையே கிரகம் பாக்குறவங்கம்மா, பிரான்ஸ்காரங்களுக்கே அவங்கதான் பாத்துச் சொல்றாங்க”ன்னு சொல்லியிருக்கான். அவன் சொன்னது ஒண்ணு, அந்தம்மா காதுல விழுந்தது ஒண்ணு. நம்ம பாண்டிச்சேரியில பாரீஸ்ல இருந்து ஜாதகம் வர்றது என்னா புதுசா? பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த சொல்தா வீட்டுப் புள்ளைங்களுக்கெல்லாம் இங்கதானே பொருத்தம் பாக்குறாங்க. பிரான்ஸ்காரங்களே கேட்டு நடக்குறாங்கன்னா பெரிய கைன்னு அந்தம்மா முடிவு பண்ணிடுச்சு. “அவங்க வாயால சொல்லட்டும், அப்புறம் மறுபேச்சு பேச மாட்டேன்”னுடுச்சு. பையனும் கமுக்கமா இருந்துட்டான், திருட்டுப் பய.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் வர்றாங்கன்னு அன்னைக்குக் காலையிலதான் சுவேதா எங்கிட்ட சொல்றா. நான் கரண்டியோட ஓடிப் போயி சங்கரி முன்னாடி நின்னேன்.

“எனக்கு ஜாதகம் பாக்கத் தெரியாதே அண்ணி.”

“தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதடி, உனக்குப் புண்ணியமாப் போவும். வாயே தொறக்க வேணாம். கேட்டா தலையை ஆட்டு.”

“சரி அண்ணி.”

அந்தச் சரியை வச்சுக்கிட்டு நான் என்னா பண்றது? சாவுக்கும் அதே சரி, சாம்பாருக்கும் அதே சரி.

ஜெயம் வந்துச்சு. பட்டுப்புடவை, பூ, பழம், கையில மஞ்சப் பை. கலைச்செல்வன் பின்னாடியே பூனை மாதிரி வந்து உக்காந்தான். என் வீட்டுக்காரரு நாற்காலியைத் தொடைச்சுக்கிட்டே நின்னாரு. அந்தம்மா கூடத்துல உக்காரல, நேரா சங்கரி ரூமுக்குப் போயிடுச்சு. கம்ப்யூட்டர்ல புள்ளியா இருந்தது. பயபக்தியா கும்பிட்டுட்டு, “இதான் பிரான்ஸ் ஜாதகமாம்மா?”ன்னு கேட்டுச்சு.

“இது நட்சத்திரம்.”

“என்னா நட்சத்திரம்? ரோகிணியா?”

“இதுக்குப் பேரு கெடையாதும்மா. நம்பருதான்.”

“நம்பருமா பாப்பீங்க!”ன்னு அந்தம்மா மகனைத் திரும்பிப் பாத்துச்சு. கண்ணுல அப்படி ஒரு மரியாதை.

மஞ்சப் பையிலேருந்து சுவேதா ஜாதகத்தை எடுத்துக் குடுத்துச்சு. என் கடையில நானே எடுத்த காப்பி. “ஏழுல செவ்வாய்ங்கிறாங்க. செவ்வாய் எப்படிம்மா? நீங்களே சொல்லுங்க.”

தலையை ஆட்டுடின்னு நான் பின்னால நின்னு சைகை காட்டுறேன். அவ எங்க பாத்தா? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றா மகராசி. “செவ்வாய்ல காத்து ரொம்ப கம்மி. தண்ணி ஓடுன தடம்தான் இருக்குது, தண்ணி இல்ல. குளிரு. அங்க யாரும் வாழ முடியாதும்மா.”

ஜெயம் மூஞ்சி செத்துப்போச்சு. “வாழ முடியாதா?”ன்னுச்சு. கதவோரமா நின்ன சுவேதா அப்படியே செவுத்துல சாஞ்சா. எனக்கு அந்த எடத்துலயே சங்கரி மண்டையில நங்குனு ஒண்ணு வைக்கணும்போல இருந்துச்சு. “அய்யோ, அது வேற செவ்வாய்ங்க”ன்னு நான் ஆரம்பிச்சேன். அந்தம்மா கையைக் காட்டி என்னை அடக்கிடுச்சு. “அவங்க சொல்லட்டும். அப்போ இந்தப் பொண்ணு வாழாதாம்மா?”

சங்கரி சுவேதாவைப் பாத்தா. அவ செவுத்துல சாஞ்சு நிக்கிறதை, வீங்குன கண்ணை, கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் ஜாதகத்தை வாங்கி மேசைமேல வச்சா. கம்ப்யூட்டர்ல புள்ளியைப் பாக்குற மாதிரியே தலையைச் சாய்ச்சுப் பாத்தா. ஒவ்வொரு கட்டமா பாத்தா. எம்மாம் நேரம் பாத்தான்னு தெரியல, எனக்கு ஒரு யுகம்.

“இதுல கிரகம் இல்ல.”

“என்னாம்மா?”

“கிரகம் எதுவும் இல்லம்மா இதுல.”

“செவ்வாய்?”

“இல்ல.”

“எங்க ஜோசியரு பாத்துட்டு ஏழுல இருக்குன்னாரே!”

“ஒரு தடவை பாத்துட்டு இருக்குன்னு சொல்லக் கூடாது. முக்காவாசி அப்படித்தான் அனுப்புவாங்க, இருக்கு, இருக்குன்னு. நல்லா பாத்தா ஒண்ணும் இருக்காது. நான் வேணாம்னு தள்ளுனதுதான் ஜாஸ்தி.”

இதுல ஒரு வார்த்தைகூட அவ கூட்டியும் சொல்லல, கொறைச்சும் சொல்லல. நாள் முச்சூடும் அவ செய்யிற வேலையைத்தான் சொன்னா. ஜெயம் மாருல கை வச்சு, “நெனைச்சேன். இவனுங்க பாதிப்பேரு பொய்யிதான் சொல்றானுங்க. பிரான்ஸ்காரன் சும்மாவா உங்ககிட்ட வர்றான்?”ன்னு சொல்லிட்டு சங்கரி காலைத் தொட்டுக் கும்பிடப் போச்சு. இவ காலை நகத்திக்கிட்டா.

அப்புறம் எல்லாம் மளமளன்னு நடந்துச்சு. அங்கேயே பூ வச்சாங்க. ஆவணியில நிச்சயம்னு பேச்சு. சுவேதா அத்தையைப் போயி கட்டிப் புடிச்சுக்கிட்டா. கலைச்செல்வன் எங்கிட்ட வந்து, “அத்தே, பயந்தே போயிட்டேன்”னான். என் வீட்டுக்காரரு இருக்காரே, அவரே சிரிச்சாரு. பல்லைப் பாத்து எத்தினி நாளாச்சு.

அவங்க போனவுடனே நான் நெய்யை ஊத்தி கேசரி கிண்டுனேன். முதல் தட்டு சங்கரிக்குத்தான். எடுத்துக்கிட்டுப் போனேன். வெளியில வெயில் இறங்கிடுச்சு. அவ மறுபடியும் புள்ளியைப் பாத்துக்கிட்டு இருந்தா. எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அவ முதுகுல ஒண்ணு போட்டேன்.

“ஏண்டி, வாயத் தொறந்தா நெஜம் மட்டும்தான் பேசுவே. எவ்ளோ தைரியமா பொய் சொல்லிட்டே! அந்தம்மா கால்ல விழப் போச்சே!”

“பொய் இல்ல அண்ணி. பேப்பர்ல எப்படி கிரகம் இருக்கும்?”

“பொய்யாத்தான் இருக்கட்டுமேடி, இப்போ என்னா கெட்டுப்போச்சு? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?”

அவ கேசரித் தட்டைக் கையில வாங்கிக்கிட்டா. என்னைப் பாத்தா. கத்திரிக்காய் என்னா விலைன்னு கேக்குற மாதிரிதான் கேட்டா.

“எனக்கு யாரும் ஒண்ணுகூட சொல்லலியே அண்ணி?”

எனக்குச் சட்டுனு கோவம்தான் வந்துச்சு. யாரு மேலன்னு தெரியல. “உங்கம்மாவைக் கேளு”ன்னு சொல்ல வாயெடுத்தேன். அவங்க போட்டோவுல இருக்காங்க, அவங்களை என்னான்னு கேக்குறது? அவ குரல்ல கோவம் இருந்திருந்தா பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அழுதிருந்தா கட்டிக்கிட்டுக் கூட அழுதிருப்பேன். ரெண்டும் இல்ல. கூடத்துல சுவேதா போன்ல கலைச்செல்வன்கிட்ட சிரிச்சுக்கிட்டு இருந்தா. சங்கரி ஒரு வாய் கேசரியை எடுத்துப் போட்டுக்கிட்டு, “நல்லாருக்கு அண்ணி”ன்னு சொல்லிட்டு வேலையைப் பாக்கத் திரும்பிட்டா. நான் அடுப்புல பாலை வச்சுட்டு வந்ததுகூட மறந்துபோயி அங்கேயே நின்னேன்.